காத்திருக்கும் கணினி

கணினி ஹேங் ஆகிவிட்டால் முதலில் மவுஸை ஆட்டிப் பார்க்கிறோம். பிறகு கைக்கு அகப்பட்ட விசைகளையெல்லாம் தட்டுகிறோம். அதுவும் பலிக்காவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துவிடுகிறோம். அந்தக் கடைசி வேலையைச் செய்வதற்கு முன் ஒரே ஒரு விசையைத் தட்டி, அதன் விளக்கைக் கவனியுங்கள். கேப்ஸ் லாக்.

அந்தச் சின்ன விளக்கை விசைப்பலகை தன் இஷ்டத்துக்கு எரியவிடுவதில்லை. விசை தட்டப்பட்ட தகவல் கணினிக்குள் போகிறது. இயங்குதளம் அதை வாங்கிக் குறித்துக்கொண்டு, ‘விளக்கை எரியவிடு’ என்று விசைப்பலகைக்குத் திருப்பிச் சொல்கிறது. திரை அசையாமல் கிடக்கும்போதும் தட்டத்தட்ட விளக்கு எரிந்து அணைந்தால், பிராசஸரும் இயங்குதளத்தின் மையமான கெர்னலும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. சிக்கல் மேல்தளத்தில், ஏதோ ஒரு மென்பொருளிலோ திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் பகுதியிலோ இருக்கிறது. விளக்கு மாறவே இல்லையென்றால் நோய் ஆழமானது. இதை முடிந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. யூஎஸ்பி இணைப்பு மட்டும் செயலிழந்தாலும் விளக்கு மாறாது. ஆனாலும் காசு செலவில்லாமல், இரண்டு நொடியில் கிடைக்கும் தடயம் இதைவிட வேறில்லை.

ஹேங் ஆன கணினி வேலையை நிறுத்திவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது. பெரும்பாலான நேரங்களில் அது எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. மென்பொருள் இன்னொரு மென்பொருளுக்காக, ரேம் ஹார்ட் டிஸ்குக்காக, டிஸ்க் தன் காந்தத் தட்டில் படிக்க முடியாத ஒரு புள்ளிக்காக. கேட்டது வரவில்லை, கேட்டவர் நகரவில்லை. ஆகவே இந்த நோயில் கேட்க வேண்டிய கேள்வி, யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதுதான். சர்வீஸ் கடையில் எடுத்த எடுப்பில் சொல்லும் ‘ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் புதுசாப் போட்டுடலாம்’ என்ற யோசனை இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. சில சமயம் பலிக்கவும் செய்யும். பலிக்காவிட்டால் நோயும் இருக்கும், தடயமும் அழிந்திருக்கும்.

மேல்தளத்திலிருந்து தொடங்கலாம். விண்டோஸில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு செய்தி வரிசை உண்டு. மவுஸ் நகர்ந்தது, விசை தட்டப்பட்டது, ஜன்னலைத் திரும்ப வரைய வேண்டும் என்பதெல்லாம் அந்த வரிசையில் வந்து நிற்கும். மென்பொருள் ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்கும். 5 நொடி வரை எதையும் எடுக்காவிட்டால், விண்டோஸ் அந்த ஜன்னலின் நகல் ஒன்றை வெளிறிய நிறத்தில் அதன் இடத்தில் வைத்துவிட்டு, தலைப்பில் ‘பதிலளிக்கவில்லை’ என்று எழுதுகிறது. நீங்கள் இழுப்பதும் மூடுவதும் அந்த நகலைத்தான்.

ஏன் 5 நொடி? அது வெறும் ஊகம்தான். அந்த மென்பொருள் ஒரு பெரிய கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறதா, முடிவில்லாத சுழலில் மாட்டிக்கொண்டதா என்பதை விண்டோஸால் வெளியிலிருந்து அறிய முடியாது. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது முடியுமா முடியாதா என்று சொல்லிவிடும் பொதுவான வழி ஒன்று இருக்கவே முடியாது என்று ஆலன் டூரிங் 1936இல் நிரூபித்துவிட்டார். அப்போது மேசைமேல் வைக்கும் கணினி ஒன்றுகூடப் பிறந்திருக்கவில்லை. ‘காத்திருக்கவா, மூடவா’ என்று விண்டோஸ் நம்மிடமே கேட்பதற்குப் பின்னால் இந்தக் கணிதம் நிற்கிறது.

1992இல் வந்த விண்டோஸ் 3.1 காலத்தில் நிலைமை இன்னும் மோசம். ஒரு மென்பொருள் தானாக மனம்வைத்து வழிவிட்டால்தான் மற்றவற்றுக்குப் பிராசஸர் கிடைக்கும். ஒன்று மாட்டிக்கொண்டால் எல்லாம் மாட்டிக்கொள்ளும். விண்டோஸ் 95 புதுவகை மென்பொருள்களிடமிருந்து பிராசஸரைப் பிடுங்கும் அதிகாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதற்கென்று ஒரு தனி வேடிக்கை உண்டு. இயந்திரம் இயங்கத் தொடங்கியதிலிருந்து கடந்த மில்லிநொடிகளை அது 32 பிட் எண்ணில் எண்ணிக்கொண்டிருந்தது. அந்த எண் 429 கோடியைத் தாண்டியதும் மறுபடி பூஜ்ஜியத்துக்குத் திரும்பும், அதாவது 49.7 நாளில். அன்றைக்கு விண்டோஸ் 95 உறைந்துபோகலாம். 98க்கும் இதே கதிதான். இந்தப் பிழை 1999 வரைக்கும் வெளியே தெரியவில்லை. அந்த விண்டோஸை ஐம்பது நாள் நிறுத்தாமல் ஓட்டியவர்கள் அவ்வளவு அபூர்வம்!

காத்திருப்பின் சிக்கல் எவ்வளவு நுட்பமாக இருக்க முடியும் என்பதற்கு, வீட்டுக் கணினியைவிட்டு ஒரு நிமிடம் செவ்வாய்க்குப் போய்வரலாம். 1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் அங்கே இறங்கியது. சில நாள்களில் அதன் கணினி தானாகவே ரீசெட் ஆகத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அன்றைய மிச்ச வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போனது. நடந்தது இதுதான். கருவிகளுக்கிடையே தகவல் கொண்டுசெல்லும் பொதுப் பாதையைக் கவனிக்கும் வேலைக்கு மிக உயர்ந்த முன்னுரிமை. வானிலைத் தகவல் திரட்டும் வேலைக்குக் குறைந்த முன்னுரிமை. இரண்டும் ஒரே பூட்டைப் பகிர்ந்துகொண்டன. பூட்டு வானிலை வேலையின் கையில் இருந்த ஒரு சமயம், இரண்டுக்கும் நடுத்தர முன்னுரிமை கொண்ட வேறு வேலைகள் குறுக்கே புகுந்து பிராசஸரைப் பிடித்துக்கொண்டன. வானிலை வேலை ஓட முடியவில்லை, ஆகவே பூட்டை விட முடியவில்லை. ஆகவே எல்லாவற்றிலும் உயர்ந்த வேலை, தனக்குச் சம்பந்தமே இல்லாத நடுத்தர வேலைகளுக்காகக் காத்துக்கிடந்தது. குறித்த நேரத்தில் வேலை முடியாததைக் கண்ட கண்காணிப்பு நிரல் ரீசெட் செய்துவிட்டது. பூமியிலிருந்த மாதிரி இயந்திரத்தில் பொறியாளர்கள் இதே நோயை வரவழைத்துப் பார்த்தார்கள். பூட்டை வைத்திருப்பவருக்கு, காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் ஓர் அமைப்பு மென்பொருளில் ஏற்கெனவே இருந்தது, அணைத்து வைத்திருந்தார்கள். அதைச் செவ்வாய்க்குக் கட்டளை அனுப்பி இயக்கியதும் சரியாயிற்று. நோயை வரவழைத்துப் பார்க்கும் அந்த முறை நமக்கும் பின்னால் பயன்படும்.

வீட்டில் மிக அதிகமாகக் காணும் ஹேங், ரேம் போதாமல் வருவது. ரேம் நிரம்பியதும் இயங்குதளம் அதில் அதிகம் தேவைப்படாதவற்றை எடுத்து டிஸ்கில் வைக்கிறது. தேவைப்படும்போது திரும்பக் கொண்டுவருகிறது. ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஏறத்தாழ 100 நானோநொடி. சுழலும் ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுக்க ஏறத்தாழ 10 மில்லிநொடி, அதாவது லட்சம் மடங்கு. சமையலறை அலமாரியிலிருந்து உப்பு எடுக்க ஒரு நொடி ஆகிறது என்றால், இந்த மாற்றம் சென்னையிலிருந்து தூத்துக்குடி உப்பளத்துக்கு ரயிலேறிப் போய் உப்பு வாங்கித் திரும்புவதற்குச் சமம். ஒருமுறை போய்வந்தால் தெரியாது. ஆனால் ரேம் மிகவும் குறைவாக இருந்தால், இப்போது வெளியே வைத்ததே அடுத்த நொடி வேண்டியிருக்கும்; அதைக் கொண்டுவர இன்னொன்றை வெளியே வைக்க வேண்டியிருக்கும். கணினி போய்வருவதைத் தவிர வேறெதுவும் செய்யாது. பீட்டர் டென்னிங் 1968இல் இந்த நிலையை ஆராய்ந்து எழுதினார். ஒரு மென்பொருள் குறுகிய காலத்தில் தொட்டுப் புழங்கும் பகுதி மொத்தமும் ரேமில் இடம்பெற்றாக வேண்டும். அதற்கு ஒரு பங்கு குறைந்தாலும் வேகம் ஒரு பங்கு குறைவதோடு நிற்காமல் அதலபாதாளத்தில் விழும் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

நேற்றுவரை நன்றாக ஓடிய கணினி, பிரவுசரில் இன்னும் நாலு டேப் திறந்ததும் திடீரென்று விழுந்துவிடுவது இதனால்தான். டாஸ்க் மேனேஜரில் மெமரி 95 சதவீதத்துக்கு மேல், டிஸ்க் 100 சதவீதம், பிராசஸர் மட்டும் சும்மா இருக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம். ரேம் சேர்ப்பதுதான் மருந்து. ‘ரேம் பூஸ்டர்’ என்று இலவசமாக வருபவை பெரும்பாலும் ரேமிலிருப்பதைக் கட்டாயமாக டிஸ்குக்குத் தள்ளிவிட்டு, காலி இடம் கூடியதாகக் கணக்குக் காட்டும். நோயையே மருந்தென்று விற்கும் சாமர்த்தியம்.

மெமரி தாராளமாக இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதம் காட்டி, படித்த அளவோ பூஜ்ஜியத்தை ஒட்டி நின்றால் கவலைப்படுங்கள். டிஸ்க் தன்மேலுள்ள சிறு சேமிப்புக் கட்டங்களில் ஒன்றை, அதாவது ஒரு செக்டாரைப் படிக்க முயன்று தோற்று, மறுபடி முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறது. இங்கே ஒரு சுவாரசியம் உண்டு. சர்வர்களில் பல டிஸ்குகளைச் சேர்த்துக் கட்டும்போது பயன்படும் டிஸ்க், படிக்க முடியாத இடத்தில் பொதுவாக 7 நொடிக்குள் கைவிரித்துவிடும். அந்தத் தகவலின் பிரதி பக்கத்து டிஸ்கில் இருக்கிறது. வீட்டு டிஸ்க் அப்படி விடாது. உங்கள் கல்யாணப் படத்துக்கு வேறு பிரதி இல்லை என்று அது நினைத்துக்கொண்டு (நினைப்பு சரிதான், பெரும்பாலும்) தலையை முன்னும் பின்னும் நகர்த்தி அரை நிமிடம், ஒரு நிமிடம்கூடப் போராடும். அவ்வளவு நேரமும் அதைக் கேட்ட மென்பொருள் காத்திருக்கும். நமக்கு அது ஹேங்.

டிஸ்குகள் தங்கள் நோய்க்குறிப்பைத் தாங்களே எழுதிவைத்துக்கொள்கின்றன. ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதைப் படித்துக்காட்டும். 5ஆம் எண் வரிசை, கெட்டுப்போனதால் ஒதுக்கி மாற்று இடம் தரப்பட்ட செக்டார்கள். 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்காக நிற்பவை. இவை பூஜ்ஜியமாக இல்லாமல் வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. 199 மட்டும் ஏறினால் நல்ல செய்தி. டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் தகவல் சிதைகிறது என்று பொருள். பெரும்பாலும் சாட்டா கேபிளை மாற்றினால் தீர்ந்துவிடும். டிஸ்க்தான் போகிறது என்றால் முதலில் வேண்டிய கோப்புகளை வேறிடத்தில் நகலெடுங்கள். டிஸ்க் முழுவதையும் சோதித்துச் சரிசெய்யும் கருவிகளை அதற்கு முன் ஓடவிடாதீர்கள். சாகப்போகும் டிஸ்கின் மிச்ச மூச்சை அந்தச் சோதனையே குடித்துவிடக்கூடும்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறப்பவர்கள் அங்கே ‘கெர்னல் பவர் 41’ என்ற சிவப்பு வரியைக் கண்டு, பவர் சப்ளை கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த வரி சொல்வதெல்லாம், போன தடவை கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதுதான். நீங்கள் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தது அது. அதற்கு முந்தைய சில நிமிடங்களில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுமே பதிவாகாமல் நின்றுபோயிருந்தால் அதுவும் ஒரு தடயம். குறிப்பு எழுதவேண்டிய டிஸ்கே பதிலளிக்காமல் போயிருக்கலாம், அல்லது எழுதவேண்டிய கெர்னலே ஒரு நொடியில் உறைந்திருக்கலாம்.

மென்பொருளா வன்பொருளா என்று பிரித்தறிய ஒரு நல்ல வழி, லினக்ஸை ஒரு யூஎஸ்பி பென்டிரைவில் ஏற்றி, டிஸ்கைத் தொடாமல் அதிலிருந்தே கணினியை ஒருநாள் ஓட்டுவது. அதிலும் ஹேங் ஆனால் விண்டோஸின்மேல் அநேகமாகப் பழியில்லை. பெட்டியைத் திறக்க வேண்டும்.

திறந்ததும் நம் ஊரில் எல்லோரும் செய்வது ரேமைக் கழற்றி, அதன் தங்கமுலாம் பூசிய பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து மாட்டுவது. வியக்கத்தக்க அளவுக்கு இது வேலை செய்கிறது. அதில் பாதிப் புகழ் ரப்பருக்கு உரியதல்ல என்பது என் அபிப்பிராயம். கழற்றி மாட்டும்போதே தொடர்புமுனைகள் உரசி, மேலே படிந்த படலம் விலகிவிடுகிறது. அடிக்கடித் தேய்த்தால் மெல்லிய தங்கமுலாமும் போய்விடும். முதலில் வெறுமனே கழற்றி மாட்டிப் பாருங்கள்.

ரேமில் ஒரு பிட் தவறினால் என்ன ஆகும் என்பது அந்தப் பிட் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. புகைப்படத்தில் இருந்தால் ஒரு புள்ளியின் நிறம் மாறும், யாருக்கும் தெரியாது. கெர்னலின் கட்டளைகளுக்குள் இருந்தால் இயந்திரம் நின்றுபோகும். 1978இல் இன்டெல்லின் டிமதி மே, முர்ரே வுட்ஸ் இருவரும், சிப்பைச் சுற்றியிருந்த பீங்கான் உறையில் துளியளவு கலந்திருந்த யுரேனியம், தோரியம் வெளியிட்ட ஆல்ஃபா துகள்களே பிட்களைப் புரட்டுகின்றன என்று கண்டுகாட்டினார்கள். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் இதைச் செய்யும். கதை கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உங்கள் கணினி வாரம் இருமுறை ஹேங் ஆனால் வானத்தைக் குறைசொல்லாதீர்கள். கூகுள் தன் சர்வர்களை வைத்துச் செய்து 2009இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம் பலகைகளில் பிழை கண்டது. அவற்றில் பெரும்பகுதி தற்செயலாகப் புரண்ட பிட்கள் அல்ல, பலகையிலேயே இருந்த கோளாறு என்று தெரியவந்தது. ஒருமுறை தவறிய பலகை மறுபடியும் தவறும்.

இங்கேதான் பாத்ஃபைண்டர் பொறியாளர்கள் செய்ததுபோல நோயை வரவழைக்க வேண்டும். கிறிஸ் பிரேடி 1994இல் எழுதத் தொடங்கிய மெம்டெஸ்ட்86 இன்றும் அதற்குச் சிறந்த கருவி. இயங்குதளமே இல்லாமல் நேராக ஓடி, ரேமின் ஒவ்வொரு மூலையிலும் பலவிதமாக எழுதிப் படித்துப் பார்க்கும். இரவு படுக்கப்போகும்போது ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். ‘ஒண்ணுதானே’ என்று விடுவதற்கில்லை. பிறகு ஒரு பலகையைக் கழற்றி மறுபடி சோதியுங்கள், அடுத்து மற்றதை. கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கியிருந்தால் முதலில் அதை அணையுங்கள். ரேமை அதன் நியமவேகத்துக்கு மேல் ஓட்டும் ஏற்பாடு அது. எல்லா மதர்போர்டும் எல்லா ரேமும் அதைத் தாங்குவதில்லை.

வெப்பத்தைப் பற்றி எல்லோரும் பேசுவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இணையதளம், ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸர்களின் தலையிலிருந்து வெப்பம் கடத்தும் உலோகக் கட்டையைக் கழற்றிப் படமெடுத்தது. ஏஎம்டி அத்லான் சில நொடிகளில் புகைந்து போயிற்று. பென்டியம் 3 உறைந்து நின்றது, ஆனால் பிழைத்துக்கொண்டது. பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டேயிருந்தது. இன்றைய பிராசஸர்கள் எல்லாமே மூன்றாவது வகை. 100 டிகிரியை நெருங்கினால் தாமாகவே வேகம் குறையும், எல்லை மீறினால் சட்டென்று அணையும். ஆகவே வெப்பத்தின் அடையாளம் பெரும்பாலும் மந்தமும் திடீர் அணைவும்தான். உறைந்து நிற்பதற்கு அதை முதல் குற்றவாளியாக்க வேண்டாம். ஆனால் கத்திரி வெயிலில் அறை 25 டிகிரியிலிருந்து 38க்கு ஏறினால், அந்த 13 டிகிரி ஏறத்தாழ அப்படியே பிராசஸரிலும் ஏறும். டிசம்பரில் தெரியாத தூசி மே மாதத்தில் தெரிவது அதனால்தான்.

மின்சாரம்தான் நான் எப்போதும் சந்தேகிக்கும் ஆள். பிராசஸர் ஒரு வோல்ட் அளவில் ஓடுகிறது; சும்மா இருப்பதற்கும் முழுவேகத்துக்கும் இடையே அதன் பசி கண்ணிமைக்கும் நேரத்தைவிட வெகுவிரைவில் பல மடங்கு மாறும். அந்தத் திடீர்ப் பசியைச் சமாளிப்பது மதர்போர்டில் நிற்கும் கெபாசிட்டர்கள். 1999 முதல் 2007 வாக்கில் செய்யப்பட்ட ஏராளமான மதர்போர்டுகளில் அவற்றின் உள்திரவம் சரியில்லாமல் வாயு உண்டாகி, தலை உப்பி, பழுப்பாகக் கசிந்தன. டெல் நிறுவனம் 2005இல் இதற்காக 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டிவந்தது. இப்போதும் பழைய போர்டுகளில் தலையில் சிலுவைக்கோடு போட்ட உருளைகளைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால் அதுதான்.

மின்சாரம் சம்பந்தப்பட்ட ஹேங்குகளில் மிக விசித்திரமானது, கணினி சும்மா இருக்கும்போது மட்டும் வருவது. இரண்டு மணிநேரம் சினிமா ஓடும், விளையாட்டு ஓடும், ஒன்றும் ஆகாது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் செத்துக்கிடக்கும். நவீனப் பிராசஸர் வேலை இல்லாதபோது படிப்படியாக ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகிறது. எழும்போது எல்லாம் சரியாக ஒத்துழைக்க வேண்டும். 2013இல் வந்த பே டிரெயில் வகை இன்டெல் சிப்கள் லினக்ஸில் இப்படி எழ முடியாமல் உறைந்தன; ஆழ்ந்த உறக்கத்தைத் தடைசெய்யும் ஒரு சொல்லைத் துவக்கக் கட்டளையில் சேர்த்துப் பலர் ஆண்டுக்கணக்கில் சமாளித்தார்கள். 2017இல் வந்த ஏஎம்டியின் முதல் தலைமுறை ரைசன் பிராசஸர்களிலும் இதே சாயல் கொண்ட தொல்லை இருந்தது. அவற்றின் பயாஸில், சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் மின்சாரம் கூடுதலாக உறிஞ்சச்செய்யும் ஓர் அமைப்பு தரப்பட்டது. கணினியை அதிகமாக வேலை வாங்கினால் கெடும் என்ற பொதுப்புத்தி இங்கே தலைகீழாகிவிடுகிறது.

பிராசஸரே குற்றவாளியாக இருப்பது அபூர்வம். 1997 நவம்பரில் பென்டியத்தில் ஒரு பிழை வெளியே வந்தது. எந்தச் சாதாரண மென்பொருளும், எந்த அதிகாரமும் இல்லாமல், நான்கே பைட் கொண்ட செல்லாத கட்டளை ஒன்றைக் கொடுத்தால் போதும். சிப் நினைவகப் பாதையைப் பூட்டிக்கொண்டு, ஒருபோதும் வராத ஒன்றுக்காகக் காத்து நின்றுவிடும். கேப்ஸ் லாக் விளக்கும் மாறாது, கன்ட்ரோல் ஆல்ட் டெலீட்டும் வேலைக்காகாது. இயங்குதளங்களில் செய்த சிறு தந்திரத்தால் அது அடக்கப்பட்டது.

2024இல் வந்தது அப்படி அடங்கவில்லை. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலவற்றில் விளையாட்டுகள் பாதியில் நின்றன, கணினிகள் உறைந்தன. ரேமை மாற்றினார்கள், கிராஃபிக்ஸ் கார்டை மாற்றினார்கள், விண்டோஸைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். சிப்பே தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கி, காலப்போக்கில் தன்னைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தது என்று பின்னர் தெரிந்தது. ஆகஸ்டில் இன்டெல் திருத்தம் வெளியிட்டது. பயாஸைப் புதுப்பித்தால் அது வந்துவிடும். ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சிப்பை எந்தத் திருத்தமும் மீட்காது. உத்தரவாதத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டித்திருக்கிறார்கள். அந்த வகைப் பிராசஸர் உங்களிடம் இருந்து, மேலே சொன்ன எல்லாவற்றையும் சோதித்தும் ஹேங் நிற்கவில்லையென்றால், வாங்கியபோது தந்த பில்லைத் தேடி எடுக்க வேண்டியதுதான்.